பிடிப்பளவும் புறக்கோட்டை விலையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றி எழுதுதற்கு என்னினும் வல்லார் ஆசிரியருள்ளும் பழைய மாணவருள்ளும் பலர் உளர் ஆதலின், யான் கைதொட்டு அறிந்த தொழிலொன்றைப் பற்றி எழுதுவதே முறையெனத் துணிந்தேன். கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர்ச் சில ஆண்டுகள் புத்தள மாவட்டக் கரையோரத்திலே கருவாட்டு வாடியொன்றிற் கணக்கெழுதி வந்தேன். வகுப்பிலே பொருளியல் ஆசிரியர் கேள்வி, நிரம்பல் என்னும் இரண்டையும் கரும்பலகையிற் கோடுகளாய் வரைந்து காட்டியபோது விளங்காதன சில, அவ்வாடியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது விளங்கின. அவற்றுள் தலையாயது இது: மீன் மலிந்து கரையிலே விலை விழுந்த மாதங்களில் எங்கள் வாடி இலாபங் கண்டது, விலை ஏறிக் கடற்றொழிலாளர் மகிழ்ந்திருந்த மாதங்களில் நட்டங் கண்டது. ஆகவே, பிடிக்கும் மீனின் அளவுக்கு எல்லையிட்டால் மீன் பதனிடுந் தொழில் வாழுமா, வீழுமா என்று எவரேனும் வினவுவாராயின், எந்தப் பதனிடுந் தொழில் என்று திருப்பி வினவவே யான் கற்றேன்.

தெற்கே மகா ஓயாவின் கழிமுகத்திலிருந்து வடக்கே குதிரைமலைப் பக்கம் வரை நீளும் இக்கரையிலே, ஒன்றோடொன்று ஒவ்வாத பல தொழில்கள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. உடப்பிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் சாளையும் சூடையும் நெத்தலியும் காரலும் உப்பிட்டு உலர்த்தப்படுகின்றன. சிலாபத்திலும் வெல்லமன்கரையிலும் பலநாட் கலங்கள் சூரையினங்களைப் பனிக்கட்டியில் இட்டுக் கொண்டுவருகின்றன. முந்தல், சிலாபம், புத்தளம் ஆகிய வாவிகளைச் சூழ்ந்த வளர்ப்புக் குளங்களிலிருந்து வரும் இறால் தலை கிள்ளி உறைய வைக்கப்பட்டுக் கப்பலேறுகின்றது. கடலட்டையோ அவித்து உலர்த்தப்பட்டு ஹொங்கொங்கிற்கும் சிங்கப்பூருக்கும் போகின்றது. இவை யாவற்றையும் ‘பதனிடுதல்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறோம். ஆயின், பிடிப்பளவும் விலையும் மாறும்போது இவை மாறும் வகை வெவ்வேறாம்.

முதலிற் கருவாட்டை எடுத்துக்கொள்வாம். மாணாக்கர் தாமே கணக்கிட்டுப் பார்த்தற்பொருட்டு எளிய எண்களை எடுகோளாக வைக்கின்றேன். 100 கிலோ சாளையை உப்பிட்டு உலர்த்தினால் 35 கிலோ கருவாடு தேறும் எனக் கொள்க. கரையிலே மீனின் விலை கிலோ 100 ரூபா. உப்பு, கூலி, சாக்கு, லொறிச் செலவு எல்லாம் சேர்ந்து 2,000 ரூபா. மொத்தச் செலவு 12,000 ரூபா. அதனை 35 ஆல் வகுத்தால் ஒரு கிலோ கருவாட்டின் அடக்கவிலை ஏறத்தாழ 343 ரூபா ஆகும். புறக்கோட்டையில் 400 ரூபாவுக்கு விற்றால், 35 கிலோவுக்கும் சேர்த்து 2,000 ரூபா வரையில் மிஞ்சும். இப்பொழுது கரைவிலை 120 ரூபாவாக ஏறிவிட்டது எனக் கொள்க. மொத்தச் செலவு 14,000. அடக்கவிலை சரியாக 400. மிச்சம் ஒன்றுமில்லை. கரையிலே விலை ஐந்தில் ஒரு பங்கு ஏற, வாடியின் இலாபம் முழுவதும் மறைந்துபோயிற்று.

இதன் காரணம் யாது? நீர் வற்றுவதே. மூன்று கிலோ பச்சை மீன் ஒரு கிலோ கருவாடாகச் சுருங்கும்போது, கரையில் ஏறும் ஒவ்வொரு ரூபாவும் கருவாட்டில் ஏறக்குறைய மூன்று ரூபாவாகப் பெருகுகின்றது. தலை கிள்ளிய இறாலில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு வரை எஞ்சுமாதலின், அங்கே ஒரு ரூபா ஒன்றரை ரூபாவளவே ஆகும். கடலட்டையிலோ குடலெடுத்து அவித்துக் காய்ந்தபின் பச்சை நிறையிற் பத்தில் ஒரு பங்கும் தேறாது. ஒரு ரூபா பத்து ரூபாவுக்கு மேலாகும். பதனிடுந் தொழிலிற் புகக் கருதும் இளைஞர் எவரும் முதலில் அறியவேண்டியது இச்சுருக்கக் கணக்கையே. இதனை அறியாது முதலிட்டுக் கைசுட்டுக்கொண்டோரை யான் அறிவேன்.

அடக்கவிலை ஏறினால் விற்கும் விலையையும் ஏற்றலாகாதா எனின், அது வாடிக்காரர் கையில் இல்லை. புறக்கோட்டையில் அவர் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே பிறநாடுகளிலிருந்து கப்பலில் வந்த கருவாடும் நெத்தலியும் சாக்குச் சாக்காய் அடுக்கப்பட்டிருக்கும். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் வந்த பின்னர், அவ்விறக்குமதிப் பண்டங்களின் மீதான அறவீட்டை அரசாங்கம் வர்த்தமானி மூலம் விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவுங் கூடியதாயிற்று. பண்டிகைக் காலத்தில் நுகர்வோருக்காக அறவீடு குறைக்கப்படின், கற்பிட்டியில் உலர்ந்துகொண்டிருக்கும் கருவாட்டின் விலை அது சாக்கில் ஏறுமுன்னரே இறங்கிவிடும். ஒருமுறை எங்கள் லொறி புறக்கோட்டையை அடைந்த காலையிலே, முதல்நாள் பேசிய விலையைத் தரவியலாதென மொத்த வியாபாரி ஒருவர் கைவிரித்தார். திரும்பக் கொண்டுவரும் செலவு அவர் குறைத்த தொகையினும் பெரிதாகையால், அவர் சொன்ன விலைக்கே இறக்கிவிட்டு வந்தோம். அவர்மேல் எனக்கு அன்றிருந்த சினம் இன்றில்லை. அவருக்கும் விலை வேறெங்கோதான் குறிக்கப்பட்டது.

ஆகவே கருவாட்டு வாடி வாழ்வது மீன் மலிவினாலாம். கரையில் ஒரே நாளிற் பெருமளவு சாளை வந்து, பனிக்கட்டி போதாமல், கொள்வாரின்றிக் கிடக்கும் பொழுதே வாடிக்கு நல்ல பொழுது. உறைய வைக்கும் ஆலையின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் குளிர்ப்பொறிகள் மீன் வந்தாலும் வராவிட்டாலும் மின்சாரத்தை உண்ணும்; கடனுக்கு வட்டி நாள்தோறும் ஏறும். அதற்கு வேண்டுவது மலிவன்று, ஒழுங்கு. நாளொன்றுக்கு ஐந்து தொன் உறைய வைக்கவல்ல ஆலைக்கு ஒருநாள் இருபது தொன்னும் அடுத்த மூன்று நாள் வெறுமையும் வருமாயின், மொத்த அளவு சரியே. ஆயினும் ஆலை கெடும்.

பிடிப்பளவுக்குப் பங்கீடு, அஃதாவது கோட்டா, விதித்த நாடுகளிலே இவ்வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்பட்டது. வட பசிபிக் கடலிலே ஹலிபட் என்னும் பெருந் தட்டைமீன் பிடிபடுகின்றது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவிலே ஆண்டுக்கு இத்தனை தொன் என மொத்த அளவை மாத்திரம் வரையறுத்திருந்தனர். யார் எவ்வளவு பிடிப்பது என்பது வரையறுக்கப்படவில்லை. விளைந்தது யாது? ஒவ்வொருவரும் முந்திப் பிடிக்க ஓடினர். 1980இல் 65 நாள் நீடித்த பருவம் 1990இல் 6 நாளாகக் குறுகிற்று. ஓராண்டு மீனும் ஒரு வாரத்தில் வந்து குவியின் அதனை உறைய வைப்பதன்றி வேறு வழி ஏது? 1991இல் ஒவ்வொரு கலத்துக்கும் தனிப்பங்கு வகுத்தனர். ஓடவேண்டிய தேவை ஒழிந்தது. பருவம் 200 நாளுக்கு மேல் நீண்டது; மீன் பச்சையாகவே சந்தைக்குச் சென்றது; கரையில் மீனவர் பெற்ற விலை உயர்ந்தது. அலாஸ்காவிலும் 1995இல் இவ்வாறே செய்யப்பட்டது. அதற்கு முன் அங்கே ஆண்டில் இரண்டு மூன்று முறை, முறைக்கு ஒரு நாளளவே கடல் திறந்துவிடப்பட்டது என்றால் நம் மாணாக்கர் நம்புதல் அரிது.

இக்கதையை ஈண்டு நிறுத்திவிடுவோரே பலர். ஆயின் ஆலைக்காரர் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். ஒரு வாரக் குவியலை உறைய வைப்பதற்கெனப் பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய கிடங்குகள், பருவம் நீண்டதும் வேலையற்றுப் போயின. விலை பேசும் வலிமை ஆலையிலிருந்து பங்கு பெற்ற கலக்காரர் கைக்கு மாறிற்று. அவர்கள் முறையிட்டதன் பயனாகவே, 2005இல் பேரிங் கடல் நண்டுத் தொழிலுக்குப் பங்கீடு வகுத்தபோது, பிடிப்போர்க்கு மாத்திரமன்றிப் பதனிடுவோர்க்கும் பங்கு கொடுத்தனர். பிடிப்பின் பெரும்பகுதியை அப்பங்குடைய ஆலைகளுக்கே விற்றல் வேண்டும் என விதித்தனர். பிடிக்கும் உரிமைக்கு எல்லை வரும்போது, வாங்கும் உரிமை என்ன ஆகும் என்பதை முன்னரே சிந்தித்தல் வேண்டும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். ஆலையிலே கூலிக்கு நின்றவர்க்கு எவரும் பங்கு கொடுத்ததாக யான் படித்ததில்லை.

நம் கரைக்கு வருவோம். இங்கே 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின் கீழ் உரிமப் பத்திரம், தடைசெய்யப்பட்ட வலை, தடைக்காலம் முதலியன உண்டு. கரையோரத்து மீனுக்கு நிறைக்கணக்கிற் பங்கீடு இல்லை. எனினும் எல்லையே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. முதலெல்லை காற்றினால் இடப்படுவது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். மேற்குக் கரைத் தொழிலாளர் பலர் அக்காலத்திற் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வர். உடப்புத் திரௌபதியம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு ஆடியில் வருவதும் கடல் ஓய்ந்திராத அக்காலத்திலேயே.

இரண்டாம் எல்லை நம் முன்னோர் இட்டது. கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்பர். ஒரு பாட்டிலே பல வலைகளுக்கு உரிமை இருப்பின் அவை முறைவைத்தே இழுக்கும். சம்மாட்டி எத்துணைச் செல்வராயினும் முறை தப்பி வலை வளைத்தல் இயலாது. இவ்வழக்கத்தின் ஒரு பகுதியை 1984ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகள் சட்டமாக்கின. (அம்பாப் பாடல் கேட்டு வலை இழுத்த காலம் போய் உழவு இயந்திரம் இழுக்குங் காலம் வந்துவிட்டது, முறை மாத்திரம் மாறவில்லை.)

இம்முறை விலையின் முன் எவ்வளவு தாக்குப் பிடிக்கும்? தங்காலைக்கு அணித்தான மாவெல்ல என்னும் ஊரைப் பற்றிப் போல் அலெக்சாண்டர் என்னும் மானிடவியலாளர் செய்த ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. 2009இற் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையாரும் 1990இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்தாண்டார். மாவெல்லவில் 1940ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 20 கரைவலைகள் முறைவைத்து இழுத்தன. நல்ல வீதியும் பனிக்கட்டியும் லொறியும் வந்து மீனின் விலை ஏறியதும், புதிய வலைகள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. வலைகளின் தொகைக்கு எல்லையிடச் சட்டத்தில் இடமிருந்தும் அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. 1971இல் வலைகள் நூறை எட்டிவிட்டன. கடலில் மீன் பெருகவில்லை. முறை வரும் நாள்களே அரிதாயின. முறை சற்றும் பிறழவில்லை, எல்லாரும் சமமாகவே ஏழையாயினர். விலை உயர்வு, எல்லை இல்லாத இடத்தில், பிடிப்போர்க்கும் நிலைத்த நன்மை தராது என்பதற்கு நம் நாட்டிலேயே இச்சான்று இருப்ப, நாம் அலாஸ்காவுக்குப் போனது நெடும் பயணமே.

மூன்றாம் எல்லையே என் கருத்தில் இம்மாவட்டத்தின் மிகச் சிறந்த பாடம். இறால் வளர்ப்போர் நட்டப்பட்டுக் கற்றது. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் கரும்புலி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. வாவிகளின் ஓரத்திலும் ஒல்லாந்தர் கால்வாயின் இரு மருங்கிலும் குளங்கள் வெட்டப்பட்டன. அனுமதியோடு வெட்டியவை சில, அனுமதியின்றி வெட்டியவை பல. ஒருவர் குளத்திலிருந்து வெளியேறிய நீரையே அடுத்தவர் உள்ளெடுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. 1998இல் மீண்டும் வந்தது. நீர் வழியே நோயும் குளத்துக்குக் குளம் சென்றது. நோய்க்குறி கண்டவர், உள்ளதையேனும் காப்போம் என்று வளராத இறாலையும் ஒரே இரவில் வாரிக் கரையேற்றினர். இறாலின் விலை கிலோவுக்கு எத்தனை எண்ணம் என்பதைப் பொறுத்தது. கிலோவுக்கு 30 நிற்பதும் 80 நிற்பதும் ஒரே விலை பெறா. ஆலைவாசலிலே சிற்றிறால் குவிந்தது. சில கிழமைகளின் பின் அதே வாசலில் ஒன்றும் வரவில்லை. இறால் தலை கிள்ளும் பெண்கள் கிலோக் கணக்கிற் கூலி பெறுவோர். குவிந்த நாளில் இரவு முழுதும் நின்றனர். வெறுமை நாள்களில் வீட்டிலிருந்தனர். இறக்குமதியாளர்க்குக் குறித்த நாளிற் பண்டம் அனுப்ப இயலாத ஆலை தன் இடத்தை வேறு நாட்டாருக்கு இழந்தது.

இதன் பின்னரே பயிர் நாட்காட்டி என்னும் ஏற்பாடு உருவாயிற்று. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீரியல் வள அபிவிருத்தி அதிகாரசபையும், வளர்ப்போர் தத்தம் ஊரில் அமைத்த சங்கங்களும் கூடி, மாவட்டத்தை ஐந்து வலயங்களாகவும் அவற்றைப் பல உபவலயங்களாகவும் வகுத்தன. எந்த உபவலயம் எந்த மாதத்திற் குஞ்சு விடலாம் என்பது ஆண்டுதோறும் குறிக்கப்படும். ஒரே நீரைப் பகிர்வோர் ஒருங்கே விடுவர், அயலார் ஓய்ந்திருப்பர். கொத்தாந்தீவு, கரம்பை போன்ற ஊர்ச் சங்கங்களின் நடைமுறை வெளிநாட்டு ஆய்விதழ்களிலும் ஆராயப்பட்டது. ஈண்டு இறாலின் நிறைக்கு எவரும் எல்லையிடவில்லை, காலத்துக்கே எல்லையிட்டனர். நோயைத் தடுத்தற்கென வந்த ஏற்பாடாயினும், அறுவடை மாதங்களுக்கிடையே பரவி நிற்றலால், ஆலைக்கு வேண்டிய ஒழுங்கையும் அது தருகின்றது. கரைவலையின் முறையும் இதுவே அன்றோ! நம் கரைக்குப் பங்கீடு வேண்டுமாயின் அது நிறைப் பங்கீடாகாமல் காலப் பங்கீடாகவே இருத்தல் தகும் என்பது என் துணிபு. ஹலிபட் மீனை ஒரு சில துறைகளில் இறக்கி நிறுத்து எழுதலாம். கரைவலை ஒருமுறை வளைத்தால் பல்வகை மீன் கலந்து வரும். இறங்குதுறை என்று கூற இடமில்லாமல் மணல் நெடுகிலும் இறங்கும். அதனை எந்தத் தராசிட்டு யார் நிறுப்பது?

இவ்வெல்லையையும் விலை சோதிக்கும். சந்தையில் விலை ஏறிய ஆண்டிலே, ஓய்ந்திருக்க வேண்டிய உபவலயத்திற் குஞ்சு விட விரும்புவோர் எழுவர். ஒருவர் மீறினாற் கிடைக்கும் ஊதியம் அவருக்கே. வரும் நோயோ கால்வாயில் உள்ளார் அனைவர்க்கும். அதிகாரசபையின் உத்தியோகத்தரினும் அடுத்த குளத்துக்காரரின் கண்ணே இங்கே சிறந்த காவல்.

எல்லை நமதல்லாததாயும் இருக்கலாம். 2001இல் இந்தியா கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. உண்போரின் விருப்பம் அதனாற் குறையவில்லையாதலின், நம் பக்கத்து அட்டைக்குக் கேள்வி வலுத்தது; தடையுற்ற பண்டம் கள்ளத்தனமாய் நீரிணையைக் கடந்து வருவதும் நிகழ்ந்தது. பின்னர் 2019இல் ஜெனீவாவிற் கூடிய அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய மாநாடு மூன்று இன அட்டைகளைத் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. மேற்சொன்ன சுருக்கக் கணக்கை நினைவு கூர்வார்க்கு, அட்டை அவிப்போர் விலையின் சிறு அசைவுக்கும் ஏன் நடுங்குவர் என்பது விளங்கும்.

சூரைக்கு வந்த எல்லையும் அத்தகையதே. நாட்டின் ஆழ்கடற் கலங்கள் மீதான கண்காணிப்புப் போதாதெனக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரியில் இலங்கை மீனைத் தடுத்தது. 2016இலேயே அத்தடை நீங்கிற்று. ஏற்றுமதிக்கெனப் பிடித்த மீன் உள்ளூர்ச் சந்தையில் இறங்க வேண்டியதாயிற்று. ஆயின் வளர்ப்பு இறால் அத்தடைக்குள் அடங்கவில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு தொழில் வாசல் அடைபட்டு நிற்க மற்றொன்று தடையின்றிக் கப்பலேறியது. அடுத்து, இந்து சமுத்திரத்து மஞ்சட் செட்டைச் சூரை அளவு மீறிப் பிடிக்கப்படுகின்றதெனக் கண்ட சமுத்திரச் சூரை ஆணைக்குழு, 2014ஆம் ஆண்டின் பிடிப்பை அடிப்படையாகக் கொண்டு பெரும்பிடிப்பு நாடுகள் குறைத்தல் வேண்டுமென 2016இல் தீர்மானித்தது. நிறைக் கோட்டா என்பது நம் நாட்டு வாசலுக்கு வந்த வழி அதுவே.

எல்லையும் சந்தையும் அசையாதிருக்கவே தொழில் தளர்வதும் உண்டு. 2022 ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயால் ஓடுவன. கடலுக்குச் செல்லுஞ் செலவு ஏற, கரைவிலை ஏறியது. கரைவிலையில் ஏறிய ஒவ்வொரு ரூபாவும் வாடியிற் கிட்டத்தட்ட மூன்றாயிற்று. மீன் மலிந்தபோது அரசாங்கமே வாங்கிச் சேமித்து விலையைத் தாங்குவதற்கென 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. வாடிக்காரர் நட்டத்தைத் தாங்குவதற்கென ஒன்றும் அமைந்ததில்லை. வாடிகளிற் பெரும்பாலும் வேலை செய்வோர் அவ்வூர்ப் பெண்களே.

இவ்வேளையில் முந்தலைச் சூழ்ந்த குளங்களிலே புதியதொரு வினா எழுந்துள்ளது. 2018ஆம் ஆண்டளவில் வன்னமை என்னும் வெள்ளிறால் இங்கு அனுமதிக்கப்பட்டது. அது கரும்புலி இறாலினும் நெருக்கமாக வளரும். குஞ்சுக்காகக் கடலிலிருந்து தாயிறால் பிடிக்கவேண்டிய தேவையும் அதற்கில்லை. ஆயின் அதே வெள்ளிறாலை எக்குவடோர் நாடு ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் விளைவிக்கின்றது. இந்தியாவும் பெருமளவில் விளைவிக்கின்றது. அவர்களுக்கு ஒரு நல்ல பருவம் வாய்த்தால், நம் குளத்தில் இறால் அறுவடைக்கு வருமுன்னரே அதன் விலை இறங்கியிருக்கும். எந்த உபவலயம் எப்பொழுது குஞ்சு விடுவது என்பதை இன்றும் முந்தலிலும் கொத்தாந்தீவிலும் கூடித் தீர்மானிக்கலாம். அந்த நாட்காட்டியிலே கரும்புலிக்கு எத்தனை மாதம், வெள்ளிறாலுக்கு எத்தனை மாதம் என்பதை அச்சங்கங்கள் இனித்தான் பேசி முடிக்கவேண்டும்.